தேசிக்காய்ச் சோதனை

இருநூற்றுப் பதினாலாவது முறை செத்தேன்.
இந்த முறை என் எண்ணெயாலேயே.

பீப்பாவை உடைத்தது நான்.
எண்ணெய் சரிவில் இறங்கி
குளத்து நீரின்மேல் மெல்ல விரிந்து
கரைப்புல் வரைக்கும் போய் நின்றதை
வாய்பார்த்துக்கொண்டிருந்ததும் நான்.
பிறகு, வௌவால் ஒன்றுக்காக
ஒரேயொரு தீப்பொறி.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும்
தான் என்னவென்று தெரியும்.
நீர்ப்புள்ளி பள்ளம் தேடும்.
மணற்புள்ளி சரியும்.
புகை கூரையில் முட்டி
வழி கேட்காமல் பக்கவாட்டில் ஊரும்.
அமிலம் கல்லைத் தின்னும்,
கண்ணாடிப் போத்தலை மட்டும் மதிக்கும்.
எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.
யாரும் சொல்லித் தரவும் இல்லை.

செத்தால் எல்லாம் போகும்,
மந்திரக்கோல், சேர்த்த பொன், பாதி குடித்த மருந்து.
குகையே குலைந்து வேறொன்றாய்ப் பிறக்கும்.
மிஞ்சுவது தலைக்குள் ஒரு வரி:
எண்ணெய் மிதக்கும், மடைச்சி.

அது எனக்குத் தெரியாதா?
பகலில் அதற்குத்தானே சம்பளம்.
நீர்ப் பரிசோதனைக்கூடத்தில்
கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று
பெயர் ஒட்டிய போத்தல்கள்.
நைத்திரேற்று இவ்வளவு, உப்பு இவ்வளவு.
சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழை
எந்தப் பக்கம் திரும்புகிறதென்று
என் இலக்கங்கள் சொல்வதில்லை.

நிலாவரையில் போத்தல் இறக்கினால்
மேலே நன்னீர்.
கயிறு நீள நீள உவர்.
ஒன்றன்மேல் ஒன்று
சண்டையில்லாமல் படுத்திருக்கும்.
அன்றிரவு கொக்குவில் அறையில்
மின்விசிறி கடகடக்க
திரையிலும் அதே அடுக்கைக் கண்டு
தனியே சிரித்தேன்.

டினோஜன் இணுவிலிலிருந்து குரல்பதிவு அனுப்புவான்,
சாமம் ஒன்றரைக்கு,
தாய் எழும்பிவிடுவா என்று கிசுகிசுத்து.
"கீழை போகாதை யதுர்சி.
எல்லாரும் கீழைதான் போயினம்.
இடப்பக்கம் நெருப்புக்குழம்பு கிடக்கெல்லே,
அதுக்கங்காலை ஒரு சுவர்.
சுவருக்கங்காலை என்னவோ இருக்கு.
நான் செத்திட்டன்."

என்னவோ இருக்கு.
இந்த இரண்டு சொல்லுக்கு
எத்தனை விடியலை விற்றிருக்கிறேன்.

குழம்பின்மேல் நீர் ஊற்றினேன்.
கல்லானது. கல்லில் நடந்தேன்.
சுவரை மண்புழுவைப்போல் குடைந்தேன்.
அந்தப் பக்கம்
நான் விட்டுவந்த அதே மலை, அதே குகை,
ஆனால் யாரோ ஞாபகத்திலிருந்து
வரைந்ததுபோல் கொஞ்சம் பிசகாய்.
நடுவில் ஒரு முட்டை.
சுற்றிலும் வாசிக்க முடியாத எழுத்து.
முதல் எழுத்தைக் கொப்பியில் கீறுகையில்
கரண்ட் போனது.

அதைச் சாவில் சேர்ப்பதா என்று
இன்னும் எங்களுக்குள் வழக்கு.

நிலாவரையில் போட்ட தேசிக்காய்
கீரிமலையில் மிதக்கும் என்பார்கள்.
போட்டவர்கள் ஆயிரம் பேர்.
போய்ப் பார்த்தவர் யார்?

ஞாயிறு காலை
தேசிக்காயில் ஊசியால் 215 என்று கீறிப் போட்டேன்.
மிதந்தது.
மிதக்கும், மடைச்சி.

இரண்டாவதை ஈயக்குண்டோடு கட்டி
முடிச்சுக்குள் கற்கண்டு வைத்தேன்.
ஆழத்தில் கற்கண்டு கரையும், நூல் தளரும்,
குண்டு தன் வழி,
தேசிக்காய் பாறை இடுக்கின் வழி.
உல்லாசப் பயணி ஒருவர்
இதையும் படமெடுத்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் கீரிமலையிலிருந்து கோல்.
இடுப்பளவு தண்ணியில் நிற்கிறானாம்.
"ஒன்பது மிதக்குது, யதுர்சி.
ஆரோ நேத்திக்கடன் போல.
ஒண்டிலை மட்டும் கீறல் இருக்கு.
இரண்டாயும் இருக்கலாம்,
நகத்தாலை கிள்ளினதாயும் இருக்கலாம்."

"நக்கிப் பார்," என்றேன். "உப்போ?"

கொஞ்சநேரம் பேச்சில்லை.
பின்னால் பெடியள்
ஒருவர்பின் ஒருவராய்
கேணிக்குள் குதிக்கும் சத்தம்.